இடது பக்கத்துக்குப் பழகினது

காணிக்கைத் தட்டு மூன்றாவது பெஞ்சுக்கு வந்தபோது ஆர்வில் ஸ்டாம்பரின் கால்சட்டை இறங்கத் தொடங்கியது.

அவர் இரண்டு கையிலும் தட்டைப் பிடித்திருந்தார். கால்சட்டையைப் பிடித்தால் தட்டு போகும், தட்டைப் பிடித்தால் கால்சட்டை போகும். ஆர்வில் நல்ல கிறிஸ்தவர். தட்டைப் பிடித்தார். மான்கள் துள்ளி ஓடும் படம் போட்ட உள்ளாடையோடு அவர் நின்றது இமோஜீன் ஃபியூகேட்டின் முகத்துக்கு நேரே. கணவரைப் புதைத்து ஆறு வாரமே ஆன அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதைச் சபை முழுவதும் கவனித்தது.

குற்றவாளி அவருடைய வலது பையில் இருந்தது. அப்பா விட்டுப் போன பெரிய ரிவால்வர். சென்ற குளிர்காலத்தில் பிரஷ் க்ரீக் சபை ஒரு தீர்மானம் போட்டிருந்தது. தட்டு ஏந்துகிறவர்கள் ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், அது வெளியே தெரியவும் கூடாது. தெரியாமல் இருக்கட்டும் என்று ஆர்வில் தொளதொளப்பான கால்சட்டை போட்டு, பெல்ட்டையும் தளர்த்தியிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கென்ட்ரி அவரைத் தனியே அழைத்தார்.

"பிரதர் ஆர்வில், முப்பது வருஷமா பிரசங்கம் பண்றேன். சபை மொத்தமும் ஒரே குரல்ல 'கர்த்தாவே'ன்னு கூப்பிட்டது இன்னிக்குத்தான்."

"மன்னிச்சுக்கோங்க பாஸ்டர். துப்பாக்கி கொஞ்சம் கனம்."

பாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து வைத்தார். இடது வரிசையில் தட்டு ஏந்துகிறவர்தான் தட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தலைவர், அவர் சட்டையில் குத்திக்கொள்கிற வில்லை அது. சாகும்வரை அணிந்திருந்தவர் இமோஜீனின் கணவர் ஹார்லன் ஃபியூகேட். பத்தொன்பது வருடமாக வலது வரிசையில் நடந்து நடந்து, ஆர்வில் அதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். தீவனக் கடையில் மூட்டை எடை போடுகிற மனிதர். அவர் சட்டையில் இதுவரை யாரும் எதையும் குத்திவிட்டதில்லை.

"அடுத்த ஞாயிறு இடது வரிசை உங்களுக்கு. ஒழுங்கா நடந்தா வில்லையக் குத்தி விடறேன். இல்லேன்னா லெஸ்டருக்குத்தான்."

லெஸ்டர் ஆர்விலின் மனைவியுடைய தம்பி. வில்லை அவனுக்குப் போனால் சாகிறவரை ஒவ்வொரு சாப்பாட்டிலும் அந்த மான்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். ஆர்விலுக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் துப்பாக்கிக் கடையில் நின்றார். கடைக்காரர் டெல்மர் கிறிஸ்ப் போன மாதம்தான் வேறு மாவட்டத்திலிருந்து வந்து கடையை வாங்கியவர். ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது.

"என்ன சார் வேணும்?"

"கால்சட்டை இடுப்புல நிக்கணும்."

"பெல்ட் கடை அடுத்த தெருவுல."

ஆர்வில் நடந்ததைச் சொன்னார். டெல்மர் சிரிப்பை அடக்க இரண்டு முறை குனிந்து எதையோ தேடினார். பிறகு சின்னதாக ஓர் இரும்பு ரிவால்வரை எடுத்து, குண்டு இல்லை என்று திறந்து காட்டி, ஆர்விலின் பையில் போட்டு நடக்கச் சொன்னார். இடுப்பு ஒரு பக்கமாக இழுத்தது. அடுத்தது இலேசான உலோகம். பையிலிருந்து உருவும்போது அதன் பின்னால் கொக்கி மாதிரி நீட்டியிருந்த சுத்தி துணியில் மாட்டி, கைக்குட்டை, சாவிக்கொத்து, பையின் உட்புறம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தன.

"வர்ற திருடன் சிரிச்சே செத்துடுவான்" என்றார் டெல்மர். "சுத்தி வெளிய தெரியாததா பார்ப்போம்."

மூன்றாவது இறகு மாதிரி இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு முறை சுட்டுப் பார்த்தார். தொப்பி ஒரு பக்கம் பறந்தது, விரல்கள் மரத்துப்போயின.

"எடை குறைஞ்சா உதை ஜாஸ்தி சார். ரெண்டும் வேணும்னா எப்படி?"

"வேற எதுவுமே இல்லியா?"

டெல்மர் தயங்கினார். கல்லாவுக்குக் கீழிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். ஐந்து குண்டு பிடிக்கும் பழைய ரிவால்வர். எலும்புப் பிடி. பிடியில் விரிசல் விட்ட இடத்தை ஒரு பித்தளைத் திருகு இறுக்கியிருந்தது. ஆர்விலின் கை முப்பது வருடமாக எடை பார்த்த கை. அந்தக் கைக்கு இது எடையாகவே தெரியவில்லை. சுட்டால் உதைக்கவும் இல்லை.

"யாரோடது?"

"போன வாரம் ஒரு பெரியவர் கொண்டாந்தார். அத ஏன் கேக்கறீங்க! முன்னாடி பார்த்தா மாப்பிள்ளை கணக்கா சாம்பல் நிறக் கோட்டு, டை. திரும்பினார்னா, கோட்டும் சட்டையும் கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் கிழிஞ்சு தொங்குது! முதுகு தெரியுது!"

"அடப்பாவமே. பொண்டாட்டி இல்லாதவரா இருக்கும்."

"பல்லுவலி வேற போலிருக்கு, வாயத் திறக்காமலே பேசினார். பதிவேட்டுல இடது கையால என்னமோ கிறுக்கினார், ஒரு எழுத்து புரியல. காசு குடுத்தேன், வாங்கல. 'இது இடது பக்கத்துக்குப் பழகினது'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார்."

வேடிக்கையான கிழவர் என்று இருவரும் சிரித்தார்கள். ஆர்வில் துப்பாக்கியை வலது பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எடையே இல்லாத பொருளில் ஒரு சங்கடம் உண்டு. அது இருக்கிறதா என்று தெரியாது. ஆர்வில் தட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தட்டினார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் தொடையைத் தட்டிய தட்டலில் பீன்ஸ் கிண்ணம் குதித்தது.

"ஆர்வில், என்ன அது, மாட்டுக்குத் தட்டற மாதிரி?" என்றாள் மனைவி வெர்னா.

"கால்சட்டை இருக்கான்னு பார்க்கறார்க்கா" என்றான் லெஸ்டர். "பாரு மச்சான், நல்லா பாரு. ஞாயித்துக்கிழமை மானுங்கள எண்ணிக் காட்டணும்ல."

ஆர்வில் பைக்குள் கை விட்டார். வலது பை காலியாக இருந்தது. துப்பாக்கி இடது பையில் இருந்தது.

மறந்துபோய் மாற்றிப் போட்டிருப்போம் என்று நினைத்து அதை எடுத்தார். கூடவே ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயும் வந்தது. வெர்னா வாங்கிப் போட்டிருப்பாள் என்று வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் மண் வாசனை அடித்தது.

புதன்கிழமை துப்பாக்கியைக் கைக்குட்டையில் சுற்றி வலது பையில் திணித்தார். மத்தியானம் கைக்குட்டை மட்டும் அங்கே இருந்தது. துப்பாக்கி இடது பையில், இன்னொரு பெப்பர்மின்ட்டோடு. வியாழக்கிழமை வலது பையின் வாயை ஊக்குப் போட்டு மூடினார். ஊக்கு போட்டபடியே இருந்தது. துப்பாக்கி இடம் மாறியிருந்தது. மிட்டாயும் ஒன்று இருந்தது. இந்த முறை பிடி கதகதப்பாக இருந்தது, இதுவரை யாரோ கையில் பிடித்திருந்ததுபோல. ஆர்வில் அன்று முழுக்கத் தீவன மூட்டைகளைத் தப்புத் தப்பாக எடை போட்டார்.

"வெர்னா, நான் ஏதாவது கிறுக்குத்தனமா நடந்துக்கறேனா?"

"எந்த வருஷத்தக் கேக்கற?"

"இந்த இடது பையத் தைச்சு மூடிடேன்."

"நல்ல கால்சட்டை ஆர்வில்!"

"தைச்சுடு. கேள்வி கேக்காத."

வெர்னா கால்சட்டையை வாங்கி வைத்தாள். சனிக்கிழமை கறுப்பு நூலில், இரட்டைத் தையலாக, பையின் வாயை நெருக்கி மூடிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகும் வழியில், ஆர்வில் வலது பையை ஐந்து முறை தட்டிப் பார்த்தார். ஐந்து முறையும் துப்பாக்கி இருந்தது. பாஸ்டர் கண் காட்டினார். தட்டோடு இடது வரிசையின் முன்னால் போய் நின்றார். பத்தொன்பது வருடம் கழித்து முதல் முறையாக அந்தப் பக்கம். ஆறாவது முறையாகத் தட்டினார். வலது பை தொய்ந்து கிடந்தது.

இடது தொடையில் ஏதோ கதகதவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போயிருப்பார். ஆனால் பாஸ்டரின் சட்டைப் பையில் வில்லை மினுங்கியது, எதிர் வரிசையில் லெஸ்டர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆர்வில் நடந்தார். முதல் பெஞ்சு தாண்டியது. இரண்டாவது தாண்டும்போது இடது பையில் ஒரு தையல் படக்கென்று விட்டது. மூன்றாவது பெஞ்சில் இன்னொன்று, இன்னொன்று. உள்ளிருந்து யாரோ விரலால் நெம்புவதுபோல் நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. பித்தளைத் திருகு வைத்த எலும்புப் பிடி மெல்ல எட்டிப் பார்த்தது.

"ஹார்லன்!" என்று அலறினார் இமோஜீன்.

"யாராவது அவர் பெல்ட்டப் பிடிங்க!" என்று கத்தினான் லெஸ்டர்.

"அது என் ஹார்லனோட துப்பாக்கி! அந்தத் திருகு நான் போட்டது! சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி என் கையால அவரோட இடது பையில வெச்சேன். மூணு பெப்பர்மின்ட்டும் வெச்சேன்."

"மூணா?" என்றார் ஆர்வில்.

"போறதுக்கு மொத நாள் கூடச் சொன்னார். 'என் பக்கத்தை அந்த ஆர்விலுக்குக் குடுத்தா, நானே எந்திரிச்சு வந்து தட்டைப் புடுங்குவேன்'னு."

பாஸ்டரின் கை சட்டைப் பைக்குப் போய், வில்லையைத் தொட்டு, லெஸ்டர் பக்கம் திரும்பியது. ஆர்வில் எல்லாம் போயிற்று என்று நினைத்தார்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ராய்ஸ் பிளெட்சோ எழுந்தார். ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்துக் கொடுக்கிறவர் அவர்தான். முகம் சிவந்திருந்தது.

"பாஸ்டர், யாரும் பயப்படாதீங்க. துப்பாக்கியோட புதைக்க எங்களுக்கு மனசு வராது. மூடற நேரத்துல எடுத்துடச் சொல்லி என் ஆள் டூலிகிட்ட சொல்லியிருக்கேன். எடுத்து, குடும்பத்துகிட்ட குடுக்காம வித்திருக்கான் பாவி. அவன நான் பார்த்துக்கறேன்."

"அப்போ எங்க ஏர்லோட பேனாக்கத்தி?" என்று ஒரு விதவை எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரரோட வெள்ளிக் கடிகாரம்?" என்று இன்னொருத்தி.

ராய்ஸ் கையெடுத்துக் கும்பிடாத குறையாக உட்கார்ந்தார்.

ஆர்விலுக்குக் கோயிலென்றும் பாராமல் சிரிப்பு வந்தது. திருட்டு! வெறும் திருட்டு! பை மாறியது தன் மறதி. தைத்த பைக்குள் போனது வெர்னாவின் அவசரம், உள்ளே வைத்தே தைத்துவிட்டாள். அப்படியில்லை என்று வெர்னா சத்தியம் செய்ததை அவர் காதில் வாங்கவில்லை. பயம் போன நிம்மதியில் அவர் இடது வரிசை முழுவதும் தட்டோடு நடந்தார், கால்சட்டை இம்மியும் இறங்கவில்லை. துப்பாக்கி குண்டுகள் நீங்கி இமோஜீனின் கைப்பைக்குள் போயிற்று. பித்தளை வில்லை ஆர்விலின் மார்பில் ஏறியது. வாழ்க்கையிலேயே அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆராதனைக்குப் பிறகு முற்றத்து மரத்தடியில் சாப்பாடு. பொரித்த கோழித் தட்டோடு ராய்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டூலிய இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன் ஆர்வில். பைபிள் மேல கை வெச்சுச் சொல்றான். மத்தவங்ககிட்ட எடுத்தது வாஸ்தவமாம். ஹார்லன் பையில மட்டும் கை வைக்கலியாம். அந்தக் கடைக்காரருக்கு அதக் கொண்டாந்து குடுத்தது யாரு?"

"யாரோ கிறுக்குக் கிழவனாம். அதக் கேட்டா நீங்க சிரிப்பீங்க ராய்ஸ்" என்றார் ஆர்வில், வில்லையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே. "முன்னாடி மாப்பிள்ளை மாதிரி சாம்பல் நிறக் கோட்டு. பின்னாடி பார்த்தா, கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் கிழிசலாம்!"

ராய்ஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தார். ஆர்விலின் மார்பில் இருந்த வில்லையைப் பார்த்தார்.

"செத்தவங்க கோட்ட முதுகுல கிழிக்கறது நாங்கதான், ஆர்வில். விறைச்ச உடம்புக்கு வேற எப்படிப் போட்டு விடறது?"