கூண்டுக்குள் பெய்த மழை

மழை நாட்களில் திண்டுக்கல் நகரத்துப் பொதுமக்கள் வீட்டுக்குள் மகிழ்ச்சியாக இருப்பதில்லை என்ற வேதனையான உண்மை, மழைநாள் மகிழ்வு இயக்ககத்தின் கவனத்துக்கு வந்தது. இதை நேரில் ஆராயச் சென்னையிலிருந்து ஒரு குழு சித்திரை மாதத்தில் வந்து இறங்கியது. மண்டையைப் பிளக்கும் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பிடித்து, "மழை பெஞ்சா வீட்டுக்குள்ள என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "மொதல்ல பெய்யட்டும்" என்றார்கள். மக்களிடம் முன்திட்டம் இல்லை என்று குழு குறித்துக்கொண்டது. மிச்சம் பத்துப் பேர் சொன்ன பதில் அறிக்கையில் ஏற்றும்படியாக இல்லை.

ஆகவே நாகல் நகரில் 'உள்ளரங்க மகிழ்ச்சி மன்றம்' என்று ஒரு கட்டடம் எழும்பியது. நல்ல கட்டடம்தான், குறை சொல்லக்கூடாது. ஜன்னல் மட்டும் கிடையாது, ஜன்னல் இருந்தால் சாரல் அடிக்கும். ஆனால் 'மழைநாளில் செய்யத்தக்க இருபத்தொரு மகிழ்ச்சிகள்' என்று மேலிடம் அனுப்பிய பட்டியலில் ஐந்தாவது மகிழ்ச்சி, ஜன்னலோரம் அமர்ந்து மழையை ரசிப்பது. அதற்காகச் சுவரில் ஒரு ஜன்னலும், ஜன்னலுக்குள் மழையும் பெயின்ட்டில் வரைந்தார்கள். ஏழாவது மகிழ்ச்சி, கணப்பு அடுப்பருகே கம்பளி போர்த்திக்கொண்டு கோகோ குடிப்பது. இந்த ஊரில் கணப்பு அடுப்பா என்று யாரும் கேட்கவில்லை. கம்பளி மட்டும் பன்னிரண்டு வந்து இறங்கியது. பரிசோதனைக்காகப் போர்த்திப் பார்த்த ஓவர்சியருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

இந்த மன்றத்துக்கு ஒருங்கிணைப்பாளராக வந்தவள்தான் ஆனந்தமேரி. பெயரில் ஆனந்தம் இருந்ததே ஒழிய பிழைப்பில் இல்லை. பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். கணக்கெடுப்பில் தற்காலிகம், நூலகத்தில் தற்காலிகம், தடுப்பூசி முகாமில் தற்காலிகம். இந்த வேலையிலாவது நிரந்தரமாகிவிட வேண்டும் என்று மாதா கோயிலில் அவள் மெழுகுவத்தி ஏற்றாத சனிக்கிழமை கிடையாது. நிரந்தரத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. டிசம்பர் பதினைந்துக்குள், ஒரு மழைநாளிலாவது, ஐம்பது பேருக்குக் குறையாமல் மன்றத்தில் மகிழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மன்றத்துக்கும் பூட்டு, மேரிக்கும் கும்பிடு.

மழைநாள் என்றால் என்ன என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது. மன்றத்தின் மழைமானியில் காலை எட்டரை மணிக்கு இரண்டரை மில்லிமீட்டராவது தண்ணீர் இருக்க வேண்டும். இருந்தால் கதவைத் திறக்கலாம், இல்லாவிட்டால் திறக்கக்கூடாது. இதில் சிக்கலே இல்லை. சிக்கல் மழைமானி இருந்த இடத்தில்தான் இருந்தது.

முதலில் கொடுத்த மழைமானியை மொட்டை மாடியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் அதைக் காணோம். நல்ல கனமான பாத்திரம், யார் வீட்டில் அரிசி அளக்கிறதோ. பூட்டுக்குப் பேர்போன ஊரில் அரசுச் சொத்தைத் திறந்துபோட்டு வைக்கலாமா என்று கண்காணிப்பாளர் பொன்னுத்துரை கொதித்துப்போனார். இரண்டாவது மழைமானியை மன்றத்துக்குள்ளேயே, குளியலறைப் பக்கத்து மூலையில், கம்பிக் கூண்டு செய்து, பூட்டி, சாவியை மேரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து கருவி பத்திரமாக இருந்தது. ஒரு சொட்டு மழைகூட அதன் மேல் படவில்லை.

கார்த்திகை பிறந்ததும், வராத மழை ஒருநாள் வந்தது. விடியற்காலையில் பிடித்தது, விட்டபாடில்லை. எதிர்ச்சந்து பாஸிலா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மன்றத்து வாசலில் வந்து நின்றாள். அவள் வீடு ஒற்றை அறை. வாசலில் தண்ணி ஏறியிருந்தது, உள்ளே ஃபாரிஸும் அவன் தங்கச்சியும் கட்டில் மேல் ஏறிக் குதித்துக் குதித்துக் கட்டில் காலை உடைத்திருந்தார்கள்.

"மேரிக்கா, செத்த நேரம் தெறந்து விடுங்க. இதுக ரெண்டையும் அந்தக் கேரம் போர்டு முன்னால ஒக்கார வச்சிட்டு, நான் வீட்டுத் தண்ணிய எறைச்சிட்டு வாரேன்."

மேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாஸிலாவுக்குப் பின்னால் தெருவே குடை பிடித்து நின்றது. எண்ணிப் பார்த்தாள், ஐம்பத்திரண்டு தலை. கூண்டைத் திறந்து மழைமானியை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு செத்த கரப்பான் மட்டும் இருந்தது. பொன்னுத்துரைக்குப் போன் போட்டாள்.

"சார், இங்க கொட்டுது சார்."

"கருவி என்னம்மா சொல்லுது?"

"கருவி உள்ள இருக்கு சார். மழை வெளிய பெய்யுது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"சுழியம் சார்."

"அப்ப மழை இல்ல."

பாஸிலா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "சார், அப்ப என் தலையில விழுறது என்ன சார்?"

"அது உங்க தனிப்பட்ட கருத்தும்மா. அதை வச்சு அரசு முடிவெடுக்க முடியாது" என்றார் பொன்னுத்துரை. அவர் குரலும் சரியாகக் கேட்கவில்லை. அவர் அலுவலக மாடித் தகரத்தில் மழை அப்படி அடித்தது.

ஐம்பத்திரண்டு பேரும் நனைந்துகொண்டே திரும்பிப் போனார்கள். மேரி அன்று மதியம் சாப்பிடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் கம்பளி பன்னிரண்டும் காய்ந்து கிடக்க, அந்தப் பக்கம் பிள்ளைகள் நடுங்கியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மழைமானியை வெளியே வைக்க அனுமதி கேட்டு ஒரு மனு எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது: 'தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. கருவியை வெளியில் வைத்தால் மழையில் நனைந்துவிடும் அபாயம் உள்ளதால் ஏற்க இயலவில்லை.'

அதற்கப்புறம் மழையும் ஏற்கவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. டிசம்பர் பதினான்கு சாயங்காலம் மேரி மன்றத்துக்குப் போய்க் கடைசியாக ஒருமுறை கழுவிவிட்டாள். மறுநாள் சாவியை ஒப்படைக்க வேண்டும். மாடித் தொட்டியில் தண்ணி ஏற மோட்டாரைப் போட்டாள். தொடப்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுத அழுகையில் மோட்டாரை நிறுத்த மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொட்டி நிரம்பியது. குளியலறைக்கு இறங்கும் குழாயில், அது கூரைக்குள் நுழைகிற இடத்தில், ஒரு விரிசல் இருந்தது. தொட்டி நிரம்பினால் அங்கே ஒழுகும், இல்லாவிட்டால் ஒழுகாது. அதன் நேர் கீழே என்ன இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

காலை எட்டரைக்குக் கூண்டைத் திறந்த மேரி, அளந்தாள். மறுபடி அளந்தாள். எழுபது மில்லிமீட்டர். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. போனில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"சார், இது தொட்டித் தண்ணி சார். மோட்டாரை நான்தான் மறந்துட்டேன்."

திட்டம் தோற்றால் பொன்னுத்துரைக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும்.

"படிவத்துல எத்தனை கட்டம் இருக்கு?" என்றார்.

"ரெண்டு சார். தேதி, அளவு."

"தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"கேக்காத கேள்விக்கு நாம ஏன்மா பதில் எழுதணும்? அதிகப்பிரசங்கித்தனம் ஆயிரும்."

பதினோரு வருஷம் மேரியின் கண் முன்னால் வந்து நின்றது. கையெழுத்துப் போட்டாள்.

எழுபது மில்லிமீட்டர் என்றால் கனமழை. கனமழை என்றால் பள்ளிக்கூடம் லீவு, இது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அளவு மேலே போன வேகத்தில் அறிவிப்பு கீழே வந்தது. டிவியில் ஓடியது, வாட்ஸப்பில் பறந்தது. அன்றைக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. பேட்டும் பேனாவுமாகக் கிளம்பிய பிள்ளைகள் தெருவில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம் கிடையாது. கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும், "மழை இல்லையே?" என்று வாயெடுத்தார். பக்கத்தில் இருந்த டீச்சர், "சும்மா இருங்க சார், ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். அவரும் சும்மா இருந்தார்.

பத்து மணிக்கு மன்றத்து வாசலில் இருநூறு பேர். பொன்னுத்துரை ரெயின்கோட்டோடு வந்து இறங்கினார், உள்ளே சட்டை தெப்பமாக நனைந்திருந்தது, வேர்வையில். கதவைத் திறந்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணி. கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், உள்ள ஒழுகுது" என்றாள் மேரி.

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "மழை பெய்யும் இடத்திலிருந்து பொதுமக்களைப் பெய்யாத இடத்துக்கு மாற்றி மகிழ்விக்க வேண்டும். இப்ப எங்கம்மா பெய்யுது?"

"உள்ள சார்."

"அப்ப வெளிய போடுங்க கேரம் போர்ட."

மைதானத்தில் போட்டார்கள். தாயம், பரமபதம், செஸ் எல்லாம் வெயிலில் பரப்பினார்கள். காய் சுட்டது, வெயில் தாங்காமல் ஆளுக்கொரு குடை பிடித்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்துப் பார்த்தால் அச்சு அசலாக மழைநாள். ஃபாரிஸ் சிவப்புக் காயைப் போட்டுவிட்டுக் கத்தினான். பாஸிலா மேரியிடம் வந்து காதோரம் கேட்டாள்.

"ஏங்க்கா, வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, எதுக்கு லீவு விட்டாக?"

மேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மேல சொல்லியிருக்காங்க..."

"நான் ஒண்ணும் கேக்கல. எவனாச்சும் கேட்டாலும் வாயத் தெறந்துராதீங்க. ஃபாரிஸு கணக்குல ஒண்ணுமே படிக்கல."

அரசாங்கத்தில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். மூன்றே நாளில் மேரிக்கு நிரந்தர ஆணை வந்தது. பாராட்டும் வந்தது, கூடவே பொன்னுத்துரையிடமிருந்து ஒரு குறிப்பும் வந்தது: 'மன்றத்தின் மழை தொடர்ந்து கிடைக்கும் வண்ணம் மேற்படி விரிசலைப் பழுதுபார்க்காமல் பராமரிக்கவும்.' வீட்டில் கேசரி கிண்டினாள். புருஷன் கிளெமென்ட் ஆணையை மூன்று தரம் வாசித்துவிட்டு, "இனிமே நீ நெனைச்சா மழை" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு உள்ளபடியே சந்தோஷம்.

அவன் சொன்னது ஊருக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தர் மகளுக்குச் சயின்ஸ் ஓடவில்லை. ஒருத்தருக்கு அய்யலூர்ச் சந்தைக்குப் போக மகனின் துணை வேண்டும், அவனுக்குப் பரீட்சை. கணக்கு வாத்தியாரும் வந்திருந்தார், மச்சினிக்குப் பழனியில் கல்யாணமாம். எல்லாருக்கும் ஒரு எழுபது மில்லிமீட்டர் போதும். மேரி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நிரந்தரப் பணியாளர் அப்படித்தான் பேச வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே வந்திருந்தது.

மறுநாள் சயின்ஸ் பரீட்சை. புயலாம், விடியுமுன்னே பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையை நாகல் நகர் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும். ஆட்டோ பாதி முங்கி நின்றது. முதல் தூறலிலேயே கரண்டு போய்விட்டது.

எட்டரை மணிக்கு மேரி மழைமானியைப் பார்த்தாள். கூரை நல்ல கூரை, மழைக்கு ஒழுகாது. மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. மழைமானி காய்ந்து கிடந்தது. படிவத்தில் சுழியம் போட்டுக் கையெழுத்திட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் கூட்டம். எல்லாத் தலையிலும் தண்ணி வழிந்தது. பாஸிலா முட்டளவுத் தண்ணியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், ஃபாரிஸ் பரீட்சைப் பேட்டைத் தலையில் கவிழ்த்திருந்தான்.

"மேரிக்கா, பள்ளிக்கூடம் உண்டுங்கிறாக. இதுல எப்படிக்கா பிள்ளைய அனுப்புவேன்? சாக்கடை எது, ரோடு எதுன்னு தெரியல."

"கருவி சுழியம் காட்டுது பாஸிலா."

"அப்ப இது என்னக்கா?"

மேரி அவளைப் பார்த்தாள். சொல்ல வந்தது வேறு என்னவோ. வாய் திறந்தபோது வந்தது இதுதான்:

"அது ஒங்க தனிப்பட்ட கருத்து."

பாஸிலா சண்டைக்கு வரவில்லை. கணக்குப் பரீட்சையன்று அவளும் வாய் திறக்கவில்லையே, எந்த முகத்தோடு வருவாள். குரலைத் தாழ்த்தி, "மோட்டாரப் போட்டு விடுங்கக்கா" என்றாள்.

"கரண்டு இல்லையே."

கூட்டம் பெருமூச்சு விட்டது. கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வழித்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, கொட்டுகிற மழைக்குள் நின்றபடி வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கரண்டு மட்டும் இருந்திருந்தா இன்னைக்கு மழை பெஞ்சிருக்கும்."

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பிள்ளைகளைத் தண்ணிக்குள் இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப் போனார்கள்.