ஆறு மணித்தியாலம் குறைகிற டொக்டர்

மார்ச் மாதக் கடைசியில் மொன்றியலில் பனி உருகும். அதன் அடியிலிருந்து போன வருடம் தொலைந்த கையுறைகள் வெளிவரும், நாய்கள் விட்டுப்போனவை வெளிவரும், கூடவே மணித்தியாலம் சேர்க்கும் மிருகவைத்தியர் என்ற பிராணியும் வெளிவரும். முதல் இரண்டையும் நகரசபை அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றாவதை யார் அள்ளுவது?

விஷயம் இதுதான். மிருகவைத்தியர் பட்டம் வாங்கியதோடு படிப்பை மூட்டை கட்டிவிட முடியாது. மருந்துகள் மாறுகின்றன, நோய்கள் மாறுகின்றன. ஆகவே இத்தனை மணித்தியாலம் புதிதாகப் படித்தேன் என்று சான்றிதழ் காட்டினால்தான் மார்ச் முடிவில் உரிமம் புதுப்பிக்கப்படும். நல்ல விதி. நம் பிராணியும் அதை வரிவரியாக வாசிக்கும். 'படித்தேன்' என்ற சொல் மட்டும் அதன் கண்ணில் படாது. 'மணித்தியாலம்' படும்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கும் உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் நடுவில் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் குணரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்டவுன் ஹோட்டலில் மாநாடு என்றால் முதல் ஆளாகப் போவார். கழுத்தில் அட்டையை மாட்டி, வாசலில் பெயரைப் பதிந்து, இலவசப் பையையும் நாலு பேனாவையும் எடுத்து, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, பேச்சாளர் தன்னை அறிமுகம் செய்யும் வரைக்கும் தலையாட்டி, விளக்கை அணைத்துப் படம் காட்டத் தொடங்கியதும் எழுந்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் பக்கத்து நகரமான லவாலில் சப்பாத்து விலை கேட்டுக்கொண்டு நிற்பார். கேட்டால், "இருவத்திரண்டு வருசமா வெட்டித் தைக்கிறன். எனக்கே வகுப்போ?" என்பார்.

இந்த வருடம் ஆறு மணித்தியாலம் குறைந்தது. கையில் இருந்தது ஒரு வாரம். இணையத்தில் ஆறு விரிவுரைகளை வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணினிக்கு இவர் மேல் நம்பிக்கை இல்லை என்பது. கால் மணிக்கு ஒருமுறை ஒரு பெட்டி எழும்பி, "இருக்கிறீர்களா?" என்று கேட்டது. அதில் பொத்தானை அமத்தாவிட்டால் விரிவுரை நின்றுவிடும்.

அவர் கலங்கவில்லை. கணினியை வரவேற்பு மேசையில் வைத்தார். அங்கே இருப்பவர் உதவியாளர் அனோஜினி, இரண்டு பிள்ளைகளின் தாய், மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளைக்கூட முழுக்க வாசிப்பவர்.

"தங்கச்சி, உது கேட்டால் அமத்தி விடும்."

"கடைசியில கேள்வியும் வருது டொக்டர்."

"நாலு விடை இருக்கும். மூண்டாவதை அமத்தும். அநேகமா அதுதான் சரி."

அனோஜினிக்கு அப்படி அமத்த மனம் வரவில்லை. ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் விரிவுரை என்று கேட்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை காலை நாலாவது விரிவுரை முடிந்தது: பூனைகளுக்கு நஞ்சாகும் வீட்டுச் செடிகள். பத்துக் கேள்விக்கும் பத்துச் சரியான விடை. டொக்டர் குணரத்தினத்தின் பெயர் போட்ட சான்றிதழ் பிரிண்டரிலிருந்து வந்து சூடு ஆறவில்லை, அக்னெஸ் அக்கா தன் பூனை றொக்கியைக் கூடையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் மூச்சுவிடுகிற மற்ற உயிர் அது ஒன்றுதான்.

"காலமை தொடக்கம் சத்தி எடுக்கிறான் டொக்டர். கூப்பிட்டாலும் பாக்கிறானில்லை."

டொக்டர் வயிற்றைத் தடவினார். "சாப்பாடு மாத்தினீங்களோ?"

"புது பிஸ்கட் ஒண்டு குடுத்தனான்."

"அதுதான். இண்டைக்கு வெறும் வயித்தோட விடுங்கோ. நாளைக்கு ஓடித் திரிவான்."

கூடையை மூட வந்த அனோஜினி குனிந்து பார்த்தார். "அக்கா, இவன்ரை மீசையில என்ன மஞ்சளா?"

"அதோ? ஈஸ்டருக்கெண்டு மகள் லில்லிப் பூ வாங்கித் தந்தவள். மேசையில ஏறி முகத்தை அதுக்குள்ள விடுறவன், கள்ளன்."

அனோஜினி நிமிர்ந்தார். "டொக்டர், ஒருக்கா வெளியில வாறீங்களோ?"

நடையில் வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "லில்லி. அந்தத் தூளை நக்கினாலே காணும், சிறுநீரகம் போயிடும். நாளைக்கெண்டால் பிந்திப்போகும். இப்பவே சேலைன் ஏத்தவேணும்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"உங்களுக்குத்தான் சொன்னவை. காலமை. ஏழாவது கேள்வி."

டொக்டர் குணரத்தினம் பிரிண்டரைப் பார்த்தார். அதில் அவருடைய பெயர் அழகாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே போய், மீசையைத் துடைத்து, காலில் மயிர் வழித்து, முதல் குத்திலேயே ஊசியை நரம்பில் ஏற்றினார். கைவேலையில் கெட்டிக்காரர், அதில் மறுப்பில்லை.

இரவும் பகலும் சேலைன் ஏறியது. மூன்றாம் நாள் றொக்கி எழும்பிச் சாப்பாட்டுக் கோப்பையை முகர்ந்தது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தப்பியிருந்தது. அக்னெஸ் அக்கா டொக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"லில்லியெண்டு எப்பிடி டொக்டர் கண்டுபிடிச்சனீங்கள்?"

"விடாமல் படிக்கவேணும் அக்கா. எங்கட தொழிலில அதுதான் முக்கியம்."

பின்னால் கூடு கழுவிக்கொண்டிருந்த அனோஜினியின் கையிலிருந்து தண்ணீர் வாளி கொஞ்சம் பலமாகவே தரையில் இறங்கியது.

அன்று மாலை, இன்னும் இரண்டு மணித்தியாலம் பாக்கி. டொக்டர் வாசல் கதவைப் பூட்டினார். தொலைபேசியை நிறுத்தினார். நல்ல மெத்தைக் கதிரை ஒன்றை உருட்டிவந்து கணினிக்கு முன்னால் போட்டார். மனிதர் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"தங்கச்சி, இதில வசதியா இருந்து வடிவாக் கேளும். மூண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அமத்தவேண்டாம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வேலையிடத்திலும் வருடத்துக்கு ஒருமுறை தீப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு வீடியோ வருமே, அதை ஓடவிட்டுக் கோப்பி ஊற்றப் போனது யார்? நான் பெயர் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் மாடியில் தீயணைக்கும் கருவி எங்கே இருக்கிறது?

மூன்றாவது விடை என்று மட்டும் சொல்லவேண்டாம்.