துடுப்பைத் துறந்த வீரன்

இனிமேல் துடுப்பைத் தொடுவதில்லை என்று அயிக்வேய் சபதம் எடுத்தான். படகுத் துடுப்பல்ல, அதை அவன் என்றைக்குமே தொட்டதில்லை. மனைவி தெதெய் கென்கே என்கிற சோளமாவு உருண்டை விற்கிறவள். அவளுடைய அண்டாவில் சோளமாவு கிளறும் துடுப்பு. விடியலில் எழுந்து அதைக் கிளறுவது புருஷன் வேலை.

புக்கோம் பேட்டையில் பிறந்தவனுக்குக் குத்துச்சண்டை ரத்தத்திலேயே வரும். அயிக்வேய்க்கு அது வாயோடு நின்றுவிட்டது. மேடையோரம் நின்று "இடதுல விடுடா! குனிடா!" என்று கத்தியே பல நல்ல வீரர்களைத் தோற்கடித்திருக்கிறான்.

"நான் குத்துச்சண்டை வீரன் ஆகப்போறேன். வீரன் கை அண்டா கிளறக் கூடாது."

"யாரு, நீங்களா? கொசு அடிக்கவே என்னைக் கூப்பிடுவீங்களே!"

"சிரிக்காதடி. கோச் அட்டோ சேர்த்துக்கிட்டாரு."

தெதெய் சிரிப்பை நிறுத்தினாள். "அப்படியா? சரி, போயிட்டு வாங்க. கை பத்திரம்."

இத்தனை சீக்கிரம் சரி சொன்ன மனைவியைப் பார்த்து வேறொருவன் என்றால் பயந்திருப்பான். அயிக்வேய் பெருமைப்பட்டான்.

முதல் நாளே, அவன் எடையில் பாதிகூட இல்லாத ஒருவன் ஒரே குத்தில் அவனைத் தரையில் உட்காரவைத்தான். கோச் குனிந்து பார்த்தார். "முதல் பாடம்ப்பா: வாயை மூடு. திறந்த வாயிலதான் தாடை உடையும்."

புக்கோமில் ஆண்கள் ஒரு வீட்டில், மனைவிமார் தங்கள் தாய்வீட்டில். சாயங்காலம் புருஷனுக்குச் சாப்பாடு பாத்திரத்தில் வரும். எவன் பாத்திரம் வரவில்லையோ, அவன் கதை அன்றைக்கே ஊர் முழுக்கப் போகும். தெதெய் அன்று வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரம் கொண்டுவந்தாள், வெள்ளைத் துணி மூடி.

"மீனா?" அண்ணன் ஒக்காய்க்கு மூக்கு நீண்டது.

அயிக்வேய் துணியை லேசாகத் தூக்கினான். பப்பாளித் துண்டு.

"மீன்தான். பெரிய மீன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மென்றான்.

மறுநாள் மனைவியை மடக்கினான். "என்னடி இது?"

"எடை குறையணுமாம். கோச் சொன்னாரு."

"என் மீன்?"

"அதுவா, கோச்சுக்குப் போகுது. பாவம், சமைச்சுப்போட ஆளில்லாத மனுஷன்."

பசி அவனை விடியலில் அண்டாவுக்கே இழுத்து வந்தது.

"ஐயோ, வீரன் கை! தள்ளி நில்லுங்க."

"ஒரே ஒரு உருண்டை குடு தெதெய்..."

"கிளறுறவங்களுக்குத்தான் உருண்டை. வீரனை எப்படிக் கிளறச் சொல்வேன்? பாவம்ல?"

துடுப்பைத் தரச் சொல்லிக் கெஞ்சியது அயிக்வேய். கெஞ்சவைத்துக் கொடுத்தது தெதெய்.

காலையில் அண்டா, மாலையில் கோச். தோள் இறுகியது. கொதிமாவு தெறிக்கத் தெறிக்கத் தலை தானாக விலகியது. அடிவாங்கி அடிவாங்கி, எதிராளியின் கையை விட்டுத் தோளைப் பார்க்கப் பழகினான். குத்து அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு நாள் கோச்சே குறிதவறி அடித்துவிட்டுச் சிரித்தார்.

போட்டிக்கு நாள் குறித்தார்கள். ஜெயித்தால் மைக் கொடுப்பார்கள். இனித் துடுப்பைத் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிடலாம். அப்புறம் அவள் என்ன செய்வாள்?

எதிராளி பக்கத்துச் சோர்க்கோர் பேட்டைக்காரன், காளை மாதிரி. மேடையோரம் எவனோ "இடதுல விடுடா!" என்று கத்தினான். அயிக்வேய்க்குக் கத்தினவன்மேல் பரிதாபம் வந்தது. வாயை மூடிக்கொண்டு தோளைப் பார்த்தான், விலகினான், விலகிய இடத்திலிருந்தே வலதுகையால் ஒன்று கொடுத்தான். காளை படுத்துவிட்டது.

புக்கோமே எழுந்து ஆடியது. மைக் வந்தது. அதோடு தெதெய்யும் வந்தாள். கயிற்றுக்குள் நுழைந்து புருஷன் கையைத் தூக்கிப் பிடித்தாள். மைக் எப்போது கைமாறியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்லாப் பாருங்க! தினமும் என் கென்கே கிளறுற கை இதுதான். நாளைக்குக் காலையில சாம்பியனே கிளறுறாரு, வந்து சாப்பிடுங்க!"

கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அதற்குமேல் எந்த வீரன் மறுப்பான்?

விடியலில் தெருமுனை வரை வரிசை. முதல் ஆளாகத் தட்டோடு கோச். அடுப்பில் இன்று மூன்று அண்டா, கிளற ஒரே சாம்பியன்.