மொத்தமாவும் நூற்றெண்பது மாப்பிள்ளைகளும்

செஞ்சி தாலுகாவில் மொத்தமாவைவிடப் பெரிய சோம்பேறி பிறந்ததில்லை. அந்தச் சோம்பேறியை எல்லோரும் புத்திசாலி என்றதுதான் என் வயிற்றெரிச்சல்.

பஜாரில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் வெப்சைட் ஆபீஸ். மேடம், நான், அவன், மூன்றே பேர். எதையும் மொத்தமாகச் செய்வான் என்பதால் அந்தப் பெயர். அன்றைக்குக் குடிக்க வேண்டிய மூன்று டீயையும் காலையிலேயே ஒரே சொம்பில் வாங்கிக் குடித்துவிடுவான். வாரம் முழுவதற்குமான வணக்கத்தைத் திங்கட்கிழமையே சொல்லிவிடுவான். செவ்வாய்க்கிழமை எதிரில் போனால் யாரோ மாதிரி நடப்பான்.

வேலையிலும் அப்படித்தான். ஒரு விதைக்கடையின் வெப்சைட்டில் விலைகளையெல்லாம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றச் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றாக மாற்றி நாற்பதாவதில் இருந்தேன். எட்டிப் பார்த்தவன், அத்தனை விலைகளையும் ஒரே பெயரில் கூப்பிட்டு நிறம் மாறச் சொல்லி நாலு வரி கம்ப்யூட்டர் கோடு எழுதினான். பக்கம் முழுக்கப் பச்சையானது. மேடம் அவனுக்குச் சுழல் நாற்காலி வாங்கித் தந்தார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து ஒரு கல்யாணத் தகவல் மையத்தின் வேலை வந்தது. நூற்றெண்பது மாப்பிள்ளைகளின் போட்டோ, ஒவ்வொன்றும் ஓர் அளவு. எல்லாம் ஒரே அளவாக வேண்டும். அவன் எழுத, நான் சரிபார்க்க வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. பார்த்தேன். சோதனைக்காக வேறொரு போட்டோவைப் போட்டுப் பார்த்த வரியை அழிக்க மறந்து, எல்லாப் படங்களுக்கும் ஓடும் இடத்திலேயே விட்டிருந்தான். அளவோடு முகமும் மாறிவிடும்.

"சரியா இருக்குதாபா?" என்று கேட்டான்.

தலையாட்டினேன்.

பக்கத்தை ஏற்றிய அரை மணியில் மையத்துக்காரர் போன் செய்தார். மேல்சித்தாமூரில் ஒரு பெண்ணின் அப்பா அவரைப் பிடித்துக்கொண்டாராம்: "டாக்டரும் இவன்தான், வாத்தியாரும் இவன்தான், ரெண்டாங் கல்யாணத்துக்கு நிக்கறவனும் இவன்தான். எத்தினி பொண்ணைக் கட்டுவான்?"

பக்கத்தைத் திறந்தோம். நூற்றெண்பது கட்டத்திலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ஆயுத பூஜையில் எடுத்த படம். சோதனைக்கு அவன் கையில் அகப்பட்டது அதுதான்.

யார் சரிபார்த்தது என்று மேடம் கேட்டார். மொத்தமா என்னை ஒரு முறை பார்த்தான். நான் தலையாட்டியதன் பொருள் அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

"அவன் பாக்கல மேடம். நான்தான் காட்டாமயே ஏத்திட்டேன்."

வரியை அழித்ததும் மாப்பிள்ளைகளுக்கு அவரவர் முகம் திரும்பியது. ஒரு மாதம் கோடு எழுதக்கூடாது, எல்லாம் கையால்தான் என்று அவனுக்குத் தண்டனை விழுந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று மாடிப்படியில் கேட்டேன்.

"ரெண்டு பேரும் தனித்தனியா திட்டு வாங்கறதுக்கு, ஒருத்தனே மொத்தமா வாங்கிட்டா முடிஞ்சுதுல்ல" என்றான்.

இப்போது சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். அவன் சம்பளத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் ஊருக்கு வருகிறான் என்று தெரிந்தால், திண்டிவனம் பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் ஸ்டாண்டில் நின்றுவிடுகிறேன்.