சூட்டுத்தட்டுத் திறந்த படலம்

ஆழி சூழ் கோணமலைப் பதியின் அருந்தவப் புதல்வரும், சீனன்குடா எண்ணெய்க் கிடங்கின் கிளாக்கரும், மூட்டை கட்டிக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரையொருவரின் பழைய அமெரிக்கன் காரை ஏலத்தில் வென்றெடுத்த ஏந்தலுமாகிய தம்பிராசா வாழ்க! அவர் திருக்கரத்துத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் நீடு வாழ்க!

மைத்துனன் ஆனந்தராசாவுக்குத் தம்பலகாமத்தில் கல்யாணம். முத்தலிப்பின் வாடகைக் காரைப் பேசுவோம் என்று மனைவி குணேஸ்வரி மெல்லச் சொல்ல, சிங்கம் சிலிர்த்தெழுந்தது. மாப்பிள்ளை என் காரில்தான் போவார் என்று மாமனாரின் முற்றத்தில் சபதமும் செய்தாயிற்று. அந்த வீட்டில் அவருக்கு மிஞ்சியிருந்த கொஞ்ச மரியாதையும் அன்று அந்தக் காரில்தான் ஏறியிருந்தது.

ஆனால் அத்தேரின் வயிற்றிலே பகைவனொருவன் பதுங்கியிருந்தான். புகைக்குழாயினுள் கிடக்கும் உள்ளங்கையளவு இரும்புத் தட்டே அவன். பனி பெய்யும் நாடுகளில், காலையில் மூடிக் கிடந்து சூட்டைத் திருப்பிக் காபரேற்றரைக் குளிர்காய வைப்பதும், எஞ்சின் சூடானதும் திறந்து வழிவிடுவதும் அவன் தொழில். திருகோணமலை வெயிலில் யாருக்கு வேண்டும் குளிர்காய்தல்? ஆயினும் அவன் கீச்சிட்டான். கீச்சிடும் கதவுக்கும் தையல் மெசினுக்கும் நம்மவர் செய்வதையே வீரரும் செய்தார். வெள்ளிதோறும் தேங்காயெண்ணெய் வார்த்தார். எண்ணெய் எரிந்து தாராகி, தட்டை மூடியபடியே ஒட்டிவிட்டது. கார் போன வழியெல்லாம் வடை சுடும் வாசம் வந்தது.

கல்யாணத்தன்று ஐந்தாம் மைல்கட்டை ஏற்றத்திலே, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பொனெற்றுக்குள் குடிபுகுந்தாற்போலப் பெற்றோல் கொதித்துப் பொங்க, தேர் இருமி நின்றது.

"அத்தான், முகூர்த்தத்துக்கு நேரம் போகுது," என்றான் தலைப்பாகை மாப்பிள்ளை.

மறவர் வேட்டியை மடித்துக் கட்டினார், சுத்தியல் ஏந்தினார், எண்டிசையும் அதிர முழங்கினார்:

"இந்தத் தட்டுத் திறக்குமட்டும் ஒருத்தரும் காருக்குக் கிட்ட வரப்படாது. எல்லாரும் றோட்டுக் கரையில போய் நில்லுங்கோ."

மாப்பிள்ளையும், தாலிப் பெட்டியை இடுக்கிய குணேஸ்வரியும் அப்படியே போய் நின்றார்கள்.

பின்னர் மூண்டது பெரும்போர். அடி இடியென விழுந்தது, தட்டு அசையவில்லை. சுட்ட விரலை வாயில் வைத்தார், வாயெல்லாம் கரி. பழக்கதோஷத்தால் இன்னுங்கொஞ்சம் எண்ணெய் வார்க்க, கரும்புகை எழுந்து பகலவனை மறைத்தது. முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் ஒலித்தபோது, வானோர் வெற்றிச் சங்கு ஊதுகின்றனர் என்றெண்ணி இன்னும் ஓங்கி அறைந்தார். திறந்தது தட்டு! மீசை கருகி, சால்வை பொசுங்கி, கைகள் கொப்புளித்த அக்கொற்றவர், பட்ட பாடெல்லாம் மறந்து, இனி மாமனார் குலமே என்னை வணங்கும் என்று மார்பு விம்மி, மாப்பிள்ளையைத் தேரேற அழைக்கும்பொருட்டுத் தம் வெற்றித் திருமுகத்தை றோட்டுக் கரைப்பக்கம் திருப்பினார்.

எல்லாரும் பஸ்ஸில் போய்விட்டார்கள்.