முதல் மடிக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அந்த நலத்தை இந்த முறை வெறும் வார்த்தையாகச் சொல்லாமல், ரத்தம் எடுத்து, சீல் வைத்த காகிதத்தோடு நிரூபிக்கப் போகிறேன். அங்கே நீங்களும் என் மகளும், பிறந்து பதினேழு நாளாகியும் இந்தத் தாத்தா இன்னும் கையால் தொடாத என் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடிதத்தை மட்டும் அவரிடம் காட்ட வேண்டாம்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், முதலில் யார் என்பதை யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். உங்கள் தகப்பனார் அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாராம், மகள் சொன்னாள். மாப்பிள்ளை, அவர் சட்டையை நம்பி வருகிறார். நான் என் ரத்தத்தை நம்பி வருகிறேன்.

எனக்குக் கொரோனா வந்த கதையை முழுதாக நீங்கள் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கும்போதெல்லாம் குழந்தை அழுதுவிடுகிறது. தும்மலும் காய்ச்சலும் தொடங்கிய அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் இருவருமே பரிசோதனைக்குப் போனோம். மூக்கில் குச்சி விட்ட பெண் கெட்டிக்காரிதான், ஆனால் குழாயில் லேபிள் ஒட்டியிருந்த லட்சணம் இருக்கிறதே! மருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இருமல் சிரப் பாட்டில்களின் லேபிளைப் பரிசோதித்தவன் நான். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பாட்டிலைத் தள்ளி வைத்தவன். அந்தப் பெண் கையுறை மாற்றத் திரும்பிய நேரத்தில் இரண்டு லேபிளையும் பதமாக உரித்து, நேராக ஒட்டிக் கொடுத்தேன். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. மறுநாள் முடிவு வந்தது: எனக்கு உண்டு, உங்கள் மாமியாருக்கு இல்லை. வீட்டை விட்டு இருவரும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன், அவள் கீழே சமைத்துத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். போனில் காட்டினீர்கள். திரையில் கன்னத்தைத் தொட்டேன், இணைப்பு அறுந்துபோனது. அன்று நான் அழுதேன் மாப்பிள்ளை, அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த நேரத்தில் என்னைத் தேற்றியது நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லித் தருகிறவர் என்று பெண் கொடுக்கும்போது தெரியும், இவ்வளவு உபயோகப்படுவீர்கள் என்று தெரியாது. "மாமா, காய்ச்சலுக்குப் பயப்படாதீங்க. அது உங்க உடம்பே மூட்டுற சூடு. வைரஸ் புகுந்த செல் சும்மா இருக்காது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் 'கதவைச் சாத்துங்க'ன்னு சேதி அனுப்பிடும். அப்புறம் கண்டதை விழுங்குற செல்லுங்க வரும். அதுக்கப்புறம்தான் டி செல்லுங்க" என்றீர்கள். "டி செல் என்ன பண்ணும்?" என்று கேட்டேன். "ஒவ்வொரு செல்லும் உள்ளே என்ன தயாராகுதுன்னு ஒரு துண்டை வெளியே ஒட்டி வச்சிருக்கும் மாமா. டி செல் அதைப் பார்த்துக்கிட்டே போகும். வைரஸ் துண்டா இருந்தா அந்தச் செல்லையே தீர்த்துடும்" என்றீர்கள்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். லேபிள்! முப்பத்தோரு வருஷம் நான் பார்த்த வேலையை என் உடம்பு எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நம்முடையதையே தப்பாகப் பிடிக்கிற டி செல்களைப் பயிற்சியிலேயே கழித்துக் கட்டிவிடுவார்கள், நூற்றுக்கு நாலைந்து தேறினால் பெரிது என்றீர்கள். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான், என்னோடு சேர்ந்தவர்களில் நான் ஒருவன்தான் தேறினேன்.

அதற்கப்புறம் காய்ச்சலை இறக்க எனக்கு மனசே வரவில்லை. நூற்றிரண்டு காட்டியபோது உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பியது அதனால்தான். உங்கள் மாமியார் டாக்டருக்குப் போன் போட்டு, "மாத்திரை போடச் சொன்னா, உள்ளே ஆளுங்க வேலை பார்க்கிறாங்க, தொந்தரவு பண்ணாதேங்கிறாரு. நீங்களே கேளுங்க" என்று கதவிடுக்கில் போனை நீட்டினாள். டாக்டர், "பெரியவரே, சில பேருக்கு வைரஸைவிட அந்த ஆளுங்கதான் ஆபத்து. எல்லை மீறிப் போனா நுரையீரலையே கெடுத்துடும். ஒழுங்கா மாத்திரையைப் போடுங்க, விரல்ல மாட்டுற கருவியில ஆக்சிஜனைப் பாருங்க" என்றார். மாத்திரையைப் போட்டேன். கருவியைக் குளிக்கும்போது தவிர கழற்றவில்லை. தொண்ணூற்றெட்டுக்குக் கீழே அது இறங்கவே இல்லை. நாலே நாளில் காய்ச்சல் ஓடிவிட்டது.

உங்கள் மாமியாருக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. அவளுக்கு வந்ததெல்லாம் கவனக்குறைவு. அந்த வாரம் மூன்று தடவை பால் தீய்ந்துபோனது. அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியவில்லை, மாடியில் அடைந்து கிடந்த எனக்கு மூக்கைத் துளைத்தது. "பால் தீயுதுடி!" என்று கத்தினால், "எனக்கு ஒண்ணும் வாசனை வரலையே" என்கிறாள். கொரோனா வந்தால் வாசனை போய்விடும் என்பார்கள், எனக்கோ கூடிவிட்டது. என் எதிர்ப்பு சக்தி அந்த ரகம்.

இப்போது கணக்காகப் பேசுவோம். இரண்டாவது வாரத்தில் ஆன்டிபாடி பெருகும், வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் அதன் மேலிருக்கும் முள்ளைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் அது குறைந்தாலும் நினைவுச் செல்கள் ஆளை மறக்காது என்று சொன்னது நீங்கள். தடுப்பூசி எங்கள் பக்கம் இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. ஆகவே இரண்டு குடும்பத்திலும் இன்றைய தேதிக்கு அனுபவப்பட்ட ரத்தம் என்னுடையது ஒன்றுதான். முதல் மடி என் மடியாக இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டிய பெயர்ப்பட்டையை மகள் ஞாபகத்துக்காகக் குழந்தையின் கையிலேயே விட்டிருக்கிறாள். அதில் பெயர்ச்சீட்டு கோணலாக இருப்பதைப் போனில் கவனித்தேன். வந்ததும் சரிசெய்து கொடுக்கிறேன்.

என் மகளுக்கு நல்ல தூக்கமும், உங்களுக்குப் பொறுமையும், பேத்திக்கு நூறு வயசும் கிடைக்க மனமார வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தோடு இணைக்க ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தேன். இருக்கிறவனுக்கும் இல்லாதவளுக்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரியட்டும் என்று உங்கள் மாமியாருடைய ரத்தத்தையும் எடுக்கச் சொன்னேன். அதே பெண்தான் எடுத்தாள். இந்த முறை குழாய்களை என் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்தாள், ஏனென்று அப்போது விளங்கவில்லை. முடிவு இப்போதுதான் வந்தது. உங்கள் மாமியாருக்கு ஆன்டிபாடி அமோகமாக இருக்கிறது. எனக்குப் பெயருக்குக்கூட இல்லை. பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "சார், லேபிளை உரிச்சு மறுபடி ஒட்டினது நீங்கதானே?" என்று அந்தப் பெண் ஒரே கேள்வி கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

எனக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல். கொரோனா கீழே நின்று எனக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. பதினாலு நாள் கதவைச் சாத்தி, அதனிடமிருந்து என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறோம். ஆகவே மேலே 'என் ரத்தம்', 'என் எதிர்ப்பு சக்தி' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'உங்கள் மாமியாருடைய' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். காய்ச்சல் மட்டும் என்னுடையது. முதல் மடியும் அவளுக்கே. முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்கு அனுமதி தந்திருக்கிறாள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருவதற்கு முன்பே குழந்தையின் கைப்பட்டையைக் கழற்றி எங்கேயாவது பூட்டி வைத்துவிடச் சொல்கிறாள். நான் பக்கத்தில் நிற்கிற நேரத்தில் குழந்தை மாறிப்போனால் தன்னால் பதில் சொல்ல முடியாதாம்.