ஸ்டெப்னி சாரின் பலாப்பழம்

கடலூரில் வாயைத் திறந்தால் சிதம்பரத்தில்தான் மூடுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தில் சூப்பிரண்டாக வந்து சேர்ந்தது எங்கள் தலையெழுத்து.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டெப்னி சார். தினமும் தன் பழைய காரில் எங்களை ஏற்றி வருவார். பதிலுக்கு அவர் பிரசங்கத்தைக் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

"ஸ்டெப்னிங்கறது டயர் பேரு இல்லப்பா. வேல்ஸ்ல ஒரு தெருப் பேரு. அந்தத் தெருவுலதான் மொதல்ல மாத்துச் சக்கரம் பண்ணி வித்தாங்க. இங்கிலீஷ்காரனே மறந்துட்டான், நாம உடாம புடிச்சிருக்கோம்!"

அதோடு விட்டாரா? லீவு போட்ட டிரைவருக்குப் பதிலாக வருபவர் ஸ்டெப்னி, இரண்டாவது கேஸ் சிலிண்டர் ஸ்டெப்னி. திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தம்பியைக் காட்டியும் இதையே சொன்னார். பாயசம் வருவதற்குள் பெண் வீட்டார் அவரை எழுப்பிவிட்டார்கள்.

இத்தனை பேசுபவரின் காரில் ஸ்டெப்னி கிடையாது. டிக்கியில் அந்த இடத்தில் பண்ருட்டிப் பலாப்பழம் கிடக்கும்.

"டயரு வீட்டுல பத்திரமா இருக்குப்பா. வண்டியில வெச்சா வீணாப்பூடும்."

என் மகளுக்கு அண்ணாமலை நகரில் வேலைக்கு இன்டர்வியூ. இரண்டு வருடமாக அவள் காத்திருந்த வேலை. அவளையும் அவர் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். அன்று பார்த்து, புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் பலாப்பழம். மகள் அழுதாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவர் பழத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார். வழியில் எங்கும் நிற்காமல் போகிற சிதம்பரம் பஸ் கிரீச்சிட்டு நின்றது.

"யோவ், சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"பொண்ணுக்கு இன்டர்வியூங்க. ஏத்திக்குங்க!" என்றவர், அந்தப் பழத்தையும் கண்டக்டர் கையில் திணித்துவிட்டார்.

மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது அதே இடத்தில் அவர் கார் நின்றது. பதறிப்போய் இறங்கினோம். டயர் மத்தியானமே சரியாகிவிட்டதாம்.

"அப்புறம் ஏன் சார் இங்கயே நிக்கறீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"திட்டிட்டுப் போன ஆளுக்கு எப்புடிப்பா போன் பண்றது? புள்ளைக்கு என்னாச்சு, அத மொதல்ல சொல்லு."

"வேலை கெடச்சிடுச்சு மாமா" என்றாள் மகள்.

வெயிலில் கருத்துப்போன முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அந்தத் தொல்லை பிடித்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.